பெருங்குடல் அழற்சிக்குச் சீன மரபு மருத்துவம்: மெசலமினோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா?

தோ பாயோ வாசகன் (கேள்வி)

குழுமத்தினர் அனைவருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாக எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி இருக்கிறது. மலக்குடலில் தொடங்கிய அழற்சி இடப்பக்கப் பெருங்குடல் வரை ஏறியிருப்பதாகக் கடைசியாகச் செய்த கொலனோஸ்கோப்பியில் சொன்னார்கள். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரையும் அதே மருந்தின் எனிமாவும் தொடக்கத்தில் போதுமானவையாக இருந்தன. சென்ற ஆண்டு நோய் மறுபடி கிளம்பியபோது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியபின், நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரினைச் சேர்த்தார்கள். இப்போது ரத்தம் போவதில்லை. ஆனாலும் விடியற்காலையில் வயிறு முறுக்கி எழுப்பிவிடுகிறது. சளியோடு இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகுதான் பேருந்தில் ஏறும் துணிவு வருகிறது.

உடன் வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருவர் தம் குடும்ப வைத்தியரிடம் என்னை அழைத்துச் சென்றார். அவர் பதிவு பெற்ற சீன மருத்துவர்தான். பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொண்டேன். நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். அடிநாக்கில் மஞ்சளாகப் படிவு தடித்திருப்பதையும், ஓரங்களில் பற்களின் தடம் பதிந்திருப்பதையும் என் கைப்பேசியிலேயே படமெடுத்துக் காட்டினார். இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்த்தபின், பெருங்குடலில் ஈரமும் சூடும் தங்கியிருப்பதாகவும், அதற்கு அடியில் மண்ணீரல் பலவீனம் இருப்பதாகவும் சொன்னார். சென்ற ஆண்டு எடுத்த ஸ்கேனில் என் மண்ணீரல் நன்றாகத்தான் இருந்தது என்று நான் சொன்னபோது சிரித்தாரே தவிர விளக்கவில்லை.

வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் தூள் பொட்டலங்களாக அவர் எழுதிக்கொடுத்த மருந்தில் பை தோவ் வெங், ஹுவாங் லியன், ஹுவாங் பாய், சின் பீ, மூ சியாங், கான் சாவ் ஆகியவை இருக்கின்றன. சில வாரங்களுக்குப் பிறகு மருந்துக் கஷாயத்தை எனிமாவாகவும் கொடுக்கலாம் என்றார். மெசலமினை நிறுத்தச் சொல்லவில்லை. இது ஒருபுறமிருக்க, நோயாளிகள் குழு ஒன்றில் "சிங் தாய்" என்ற நீலத் தூளை ஜப்பானில் பலர் சாப்பிட்டுக் குணமடைந்ததாக ஒருவர் எழுதி, அதை இணையத்தில் வாங்கும் வழியையும் கொடுத்திருந்தார். இன்னும் எதையும் நான் தொடங்கவில்லை. இந்த மருத்துவத்தில் உள்ளபடியே சாரம் இருக்கிறதா, இருந்தால் அசதயோப்ரினோடு ஒத்துப்போகுமா, அந்த நீலத் தூளை நம்பலாமா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன்.

குவாங்சோ மாணவன்

நண்பருக்கு வணக்கம். நான் சீனாவில் எம்.பி.பி.எஸ். படித்துத் திரும்பி, இப்போது தமிழ்நாட்டில் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். அங்கே சீன மரபு மருத்துவமும் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. நான் அந்த மருத்துவத்தைச் செய்பவன் அல்லன். அவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை மட்டும் ஓரளவு சொல்ல முடியும்.

உங்கள் சீன மருத்துவர் சொன்னதில் வழக்கத்துக்கு மாறான எதுவும் இல்லை. சீன மரபு மருத்துவர்கள் பெருங்குடல் புண் அழற்சியை ஒரே நோயாகக் கொண்டு ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுப்பதில்லை. 2017-ல் சீனாவில் வெளியான வல்லுநர் உடன்பாட்டு ஆவணம் இந்நோயாளிகளை ஏழு வகைகளாகப் பிரிக்கிறது: பெருங்குடலில் ஈரச்சூடு, கொதிக்கும் நச்சுச்சூடு, மண்ணீரல் தளர்ந்து ஈரம் தேங்குதல், சூடும் குளிர்ச்சியும் கலந்து நிற்றல், கல்லீரல் இறுகி மண்ணீரல் தளர்தல், மண்ணீரலும் சிறுநீரகமும் வெப்பம் இழத்தல், ரத்தமும் நீர்மையும் வற்றுதல். மண்ணீரல் என்று அவர்கள் குறிப்பது விலாவுக்கு அடியில் இருக்கும் உறுப்பை அன்று. உண்டதைச் செரித்துச் சாரமாக்கும் ஆற்றல் முழுவதையும் அந்தப் பெயரால் சொல்கிறார்கள். ஸ்கேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நீங்கள் எழுதியுள்ள பட்டியலில் முதல் நான்கும் சேர்ந்தால் "பை தோவ் வெங் தாங்" என்னும் கஷாயம். கிழக்கு ஹான் ஆட்சியின் இறுதியில், கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் வகுத்த முறை அது. ரத்தமும் சளியுமாகப் போகும் சூட்டுச் சீதபேதிக்கு அவர் எழுதியதைத்தான் இன்று இந்நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். மூ சியாங் வாயுவையும் முறுக்கு வலியையும் தணிப்பதற்கு. கான் சாவ் என்பது நம் அதிமதுரம்.

இங்கே ஒரு மருத்துவனாக நான் எச்சரிக்க வேண்டியது இருக்கிறது. சாங் சோங்ஜிங் காலத்துச் சீதபேதி பெரும்பாலும் கிருமித் தொற்றாக இருந்திருக்கும். பெருங்குடல் புண் அழற்சி சீனாவில் பரவலாகத் தென்பட ஆரம்பித்ததே கடந்த சில பத்தாண்டுகளில்தான். அறிகுறிகள் ஒத்திருப்பதால் பழைய மருந்துமுறை புதிய நோய்க்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஹுவாங் லியனில் இருக்கும் பெர்பெரின் கிருமிகளுக்கு எதிராகச் செயல்படும் பொருள். சீனாவில் வயிற்றுப்போக்குக்கு மலிவான மாத்திரையாகவே கடையில் கிடைக்கிறது. ஆகவே அசதயோப்ரின் எடுக்கும் ஒருவருக்குப் புதிதாகச் சளியும் அவசரமும் ஏற்படும்போது, அது அழற்சியா, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற தொற்றா என்று மலப் பரிசோதனையில் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கஷாயத்தையும் தொடங்க வேண்டும். தொற்றைப் பெர்பெரின் அரைகுறையாக அடக்கிவிட்டால் நோய் மறைந்து நின்று பிறகு பெரிதாக வெடிக்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வயிறு எழுப்பிவிடுகிறது என்கிறீர்கள். அந்த ஒரு குறியை மட்டும் பிடித்துக்கொண்டு, வேறொரு சீன மருத்துவர் இது சிறுநீரக வெப்பக் குறைவு என்று தீர்மானித்து "சி ஷென் வான்" எழுதிக் கொடுக்கக்கூடும். அதில் ஜாதிக்காயும் நம் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியும் சேரும். முதல் மருந்து குளிர்ச்சி, இரண்டாவது முழுச் சூடு. ஒரே நோயாளியிடம் இரு மருத்துவர்கள் எதிரெதிரான முடிவுக்கு வருவது அந்த மருத்துவத்தின் உள்ளார்ந்த சிக்கல். கார்போகரிசியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருப்பதால், அசதயோப்ரின் எடுப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனிமா பற்றி: நான் பார்த்த வார்டுகளில் நோயாளி தூங்கப் போகும் நேரத்தில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க, இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து, உடல் வெப்ப அளவில் இருக்கும் 100 மி.லி. அளவுக் கஷாயத்தை மெல்லிய குழாய் வழியாக மெதுவாக இறக்குவார்கள். வேகமாக இறக்கினாலும் ஆறிப்போயிருந்தாலும் குடல் உடனே வெளியே தள்ளிவிடும். அழற்சி இடப்பக்கத்தோடு நிற்பவர்களுக்கு மருந்து நேரே புண்ணில் படுகிறது என்பது இதிலுள்ள நியாயம். மெசலமின் எனிமாவின் நியாயமும் அதுதான். "காங்ஃபூசின்" என்ற திரவத்தையும் அங்கே இவ்வாறு ஏற்றுவதுண்டு. அது அமெரிக்கக் கரப்பான்பூச்சியிலிருந்து வடித்த சாறு. சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய சீன மருத்துவமனைகளில் மெசலமினை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுப்பதை நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே தட்டில் வரும். அந்த ஊர் ஆய்வுகளிலும் பெரும்பாலானவை மெசலமினோடு கஷாயம் சேர்ந்ததையும் மெசலமின் மட்டும் எடுத்ததையும் ஒப்பிடுபவை. சேர்த்து எடுத்தவர்களுக்கு நன்மை கூடுதல் என்றே பெரும்பாலும் முடிவு வருகிறது. ஆனால் யார் எதை எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வுகள் அவற்றில் மிகுதி. "மொத்தப் பலன் விகிதம்" என்ற ஒரே எண்ணில், குணமானவரையும் கொஞ்சம் தேறியவரையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறார்கள். அந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மருந்தியல் ஆய்வகம்

மேலே எழுதிய மருத்துவர் சொன்னவற்றை ஏற்கிறேன். நீலத் தூளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் குடல் அழற்சிக்கான சீன மருந்துகளில் மிக வலுவான சான்று உள்ளதும் அதுதான், மிக ஆபத்தானதும் அதுதான்.

சிங் தாய் என்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் முதலிய சில செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயம். இலைகளைத் தொட்டியில் ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்து அடித்துக் கலக்கும்போது மேலே பொங்கும் நீல நுரையை வழித்துக் காயவைத்தால் கிடைக்கும் தூள். திண்டிவனம் பக்கம் அவுரித் தொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. ஆனால் நம் கடைகளில் தலைச்சாயத்துக்கு விற்கும் அவுரி இலைப்பொடி வேறு, சிங் தாய் வேறு. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைச் சாப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.

அந்தத் தூளில் இண்டிகோவும் இண்டிருபினும் இருக்கின்றன. இவை குடல் சுவரின் நோயெதிர்ப்புச் செல்களில் உள்ள அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தூண்டுகின்றன. அந்தத் தூண்டுதலால் இன்டர்லூக்கின்-22 என்ற செய்திப் புரதம் சுரக்கிறது. அது சளிச்சவ்வின் மேற்செல்களைப் பெருக்கிப் புண்ணை மூடச் செய்கிறது. சூட்டைத் தணிக்கும் என்று பழைய நூல்கள் சொன்னதற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 86 நோயாளிகளிடம் எட்டு வாரங்கள் நடத்திய சோதனை 2018-ல் வெளியானது. போலி மருந்து எடுத்தவர்களில் 13.6 விழுக்காட்டினருக்கே பலன் தெரிந்தது. நாளொன்றுக்கு அரை கிராம் எடுத்தவர்களில் 69.6 விழுக்காடு, ஒரு கிராமுக்கு 75, இரண்டு கிராமுக்கு 81. விலையுயர்ந்த ஊசி மருந்துகளின் சோதனைகளிலும் இவ்வளவு இடைவெளியை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சோதனை திட்டமிட்டபடி முடியவில்லை. அதற்கு வெளியே, தாமாகவே சிங் தாய் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்த ஒரு நோயாளிக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் உயர்ந்திருப்பது தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2016 டிசம்பரில் ஜப்பானியச் சுகாதார அமைச்சு எச்சரிக்கை விடுத்தது. பிறகு நாடு தழுவிய கணக்கெடுப்பில், சிங் தாய் எடுத்த 877 பேரில் 11 பேருக்கு இந்த நுரையீரல் தமனி நோய் பதிவாகியிருந்தது. கல்லீரல் நொதிகள் உயர்ந்தவர்கள் 40 பேர். சிலருக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் சிக்கலும் வந்தது. நிறுத்தியதும் பலருக்கு அழுத்தம் இறங்கியது உண்மைதான்; ஆனால் படியேறும்போது மூச்சு வாங்குவதை வயது, வேலைக் களைப்பு என்று தள்ளிப்போடுபவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். 2021-ல் வந்த எலி ஆய்வுகள், குடலைக் குணப்படுத்தும் அதே ஏற்பிதான் நுரையீரல் தமனிச் சுவரைத் தடிக்கச் செய்வதிலும் ஈடுபடுகிறது என்று காட்டின. அதாவது பலனும் கேடும் ஒரே கதவு வழியாக நுழைகின்றன; கலப்படமற்ற தூளாகப் பார்த்து வாங்கினால் தப்பிவிடலாம் என்ற நினைப்பு செல்லாது.

இஸ்ரேலியக் குழு ஒன்று மஞ்சளின் குர்குமினையும் சிங் தாயையும் சேர்த்து ஒரு சோதனை நடத்தியது. 42 நோயாளிகளுள், எட்டாம் வாரத்தில் அறிகுறியோடு பரிசோதனை அளவிலும் முன்னேற்றம் கண்டவர்கள் மருந்துக் குழுவில் 43 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 8 விழுக்காடு. இது நம்பிக்கையூட்டுகிறது. ஆனால் எட்டு வாரச் சோதனையில் தெரியாத கேடு எட்டு மாதத்தில் தெரியவரும் என்பதால், இதய எக்கோவும் கல்லீரல் பரிசோதனையும் செய்து கண்காணிக்கும் மருத்துவர் இல்லாமல் இணையத்தில் வாங்கிச் சாப்பிடுவதை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன்.

நமக்குத் தெரிந்த செடி ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெங்கு காலத்தில் அரசு மருத்துவமனை வாசலில் குடித்த குடிநீரால் நிலவேம்பு எல்லாருக்கும் பழக்கம். சீனர்கள் அதைச் சுவான் சின் லியன் என்கிறார்கள். அதன் சாற்றை மாத்திரையாக்கி 224 பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2013-ல் வெளியானது. நாளொன்றுக்கு 1800 மி.கி. எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கு எட்டு வாரத்தில் பலன் தெரிந்தது, 1200 மி.கி. எடுத்தவர்களில் 45; போலி மருந்து எடுத்தவர்களில் 40. அந்த அளவில் நல்ல செய்திதான். ஆனால் அடுத்த பெரிய சோதனை 2014-ல், இடைக்கால மதிப்பீட்டில் வெற்றி பெற வாய்ப்பில்லை என்று தெரிந்து நிறுத்தப்பட்டது. வீட்டில் காய்ச்சும் நிலவேம்புக் குடிநீரில் வேறு பொருள்களும் சேர்வதால், இந்தச் சோதனையை அதற்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது.

கிள்ளான் வாசி

நான் மருத்துவத் துறை சார்ந்தவன் அல்லன். என் தம்பிக்கு இதே நோய் இருக்கிறது. மூலிகை எடுத்தபின் தேறிவிட்டேன் என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்? எண்களை மட்டும் நம்பி அனுபவத்தை ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

மருந்தியல் ஆய்வகம்

அவர்கள் பொய் சொல்லவில்லை, ஐயா. நிலவேம்புச் சோதனையில் வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் தேறினார்கள் என்பதை மறுபடியும் பாருங்கள். அவர்களைத் தனித்தனியே கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் அந்த மாத்திரையைப் புகழ்ந்திருப்பார்கள். அது நேர்மையான சாட்சியமாகவும் இருந்திருக்கும். கிளம்புவதும் அடங்குவதுமே இந்த நோயின் இயல்பு. மிக மோசமாக இருக்கும்போதுதான் புதிய மருந்தைத் தேடுகிறோம்; அதன்பின் தானாகவே தணியும் காலம் வந்தாலும் கையில் இருக்கும் மருந்துக்குத்தான் பெயர் போகும். தம்பியின் அனுபவத்தை மதிக்க வேண்டுமானால், மருந்துக்கு முன்னும் பின்னும் அவருடைய மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேரூர் வாசகி

எனக்கு இருப்பது குரோன் நோய். சிறுகுடலின் கடைப்பகுதியில் அழற்சி. இங்கே கோவையில் முதலில் காசநோயா குரோன் நோயா என்று பிரித்தறியவே பல மாதங்கள் ஆயின. குரோன் நோய்க்கும் இந்தச் சீன மருந்துகள் பொருந்துமா? ஊசி குத்தும் சிகிச்சையால் பயன் உண்டு என்று ஒரு பேட்டியில் கேட்டேன். இடிக்கொடி என்றோ இடிக்கடவுள் கொடி என்றோ ஒரு மருந்தின் பெயரும் அதில் வந்தது.

குவாங்சோ மாணவன்

சகோதரிக்கு: குரோன் நோயில் கஷாயங்களுக்கான சான்று இன்னும் மெலிவு. அக்குபஞ்சரில் மட்டும் ஷாங்காயைச் சேர்ந்த ஒரு குழு தொடர்ந்து பல ஆண்டுகளாக வேலை செய்திருக்கிறது. அவர்கள் செய்வது வெறும் ஊசி அன்று. மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலையைப் பஞ்சாக்கி, வயிற்றின் மேல் மூலிகை வில்லை வைத்து, அதற்கு மேல் அந்தப் பஞ்சைப் புகைய விட்டுச் சூடு ஏற்றுவார்கள். கூடவே முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக உள்ள சூசான்லி முதலிய புள்ளிகளில் ஊசி. மிதமான குரோன் நோய் உள்ள 66 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட சோதனையில், 12 வாரத்தில் நோய் தணிந்தவர்கள் உண்மைச் சிகிச்சையில் 42.4 விழுக்காடு, போலிச் சிகிச்சையில் 12.1 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஊசியும் சூடும் கொடுப்பதுபோல் நடித்துச் செய்ததால், இதை மற்றச் சீன ஆய்வுகளைவிடக் கூடுதலாக மதிக்கிறேன். எண்ணிக்கை சிறிது, ஒரே குழுவின் வேலை, வேறு நாட்டில் யாராவது திரும்பச் செய்து காட்டும்வரை காத்திருக்க வேண்டும். குடல் சுருங்கி அடைப்பு இருப்பவருக்கோ, ஃபிஸ்டுலா எனப்படும் பக்கக்குழாய்ப் புண் இருப்பவருக்கோ இது மாற்று ஆகாது.

நீங்கள் கேட்ட கொடி லெய் கொங் தெங். குரோன் நோய்க்காகக் குடல் அறுவை ஆனவர்களிடம் நோய் திரும்பாமல் தடுக்க அதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் ஆற்றல் அதற்கு உண்மையாகவே இருக்கிறது. மூலிகை என்ற போர்வையில் இருக்கும் அசதயோப்ரின் என்றே கருதுங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும், ஆண்களுக்கு விந்தணு குறைவதும், கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படுவதும் நன்கு பதிவானவை. குழந்தை பெற எண்ணும் எவரும் அதைத் தொடக் கூடாது என்பதில் சீன மருத்துவர்களுக்கே ஐயமில்லை.

தோ பாயோ வாசகன்

அனைவருக்கும் நன்றி. இதைப் படித்தபின் நீலத் தூளை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். மருந்துத் தாளோடு என் குடல் மருத்துவரிடம் போனேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், ஆனால் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு மலப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தொற்று எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. கால்ப்ரொடெக்டின் மட்டும் மிதமாக உயர்ந்திருக்கிறது. கஷாயத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்து, விட்டுப்போயிருந்த மெசலமின் எனிமாவை முதலில் ஒழுங்காக எடுக்கும்படி சொன்னார். அதன்பிறகும் சரியாகாவிட்டால் சீன மருத்துவரின் தூளைச் சேர்ப்பதில் அவருக்கு மறுப்பில்லையாம். அப்படிச் சேர்க்க நேர்ந்தால், அந்த ஆறு பொருள்களில் எவற்றைக் குறித்து நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

மருந்தியல் ஆய்வகம்

மிகவும் சரியான வரிசை. ஆறில் நான்கைக் குறித்து மூன்று பிரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது ஹுவாங் லியனும் ஹுவாங் பாயும். இரண்டிலும் பெர்பெரின் உண்டு, நம் மரமஞ்சளிலும் இருப்பது அதே பொருள். உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது: பிறந்த குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை வந்ததால், சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறையான ஜி6பிடி நொதிக் குறைபாட்டைக் கருதிச் சிங்கப்பூரில் 1978 முதல் பெர்பெரினுக்குத் தடை இருந்தது, அண்மைக் காலத்தில்தான் படிப்படியாக நீக்கினார்கள். உங்களுக்கு அந்தக் குறைபாடு உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ தாய்ப்பால் கொடுப்பவரோ இருந்தால் பொட்டலங்கள் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பெர்பெரின் கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு உயர்வது தெரிந்த செய்தி. அசதயோப்ரின் வேறு வழியில் சிதைவதால் அந்த அளவு கவலை இல்லை. பின்னாளில் இந்நோய்க்கே கொடுக்கும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைக்கு மாற்றினால் இதை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது அதிமதுரம். இப்போது பரவாயில்லை. மறுபடி பிரெட்னிசொலோன் தொடங்க நேர்ந்தால் அதை நீக்கித்தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உடலில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறும். வயிற்றுப்போக்கே பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் உங்களுக்கு இரட்டை இழப்பு.

மூன்றாவது மூ சியாங். சரியான சரக்கு நம் கோஷ்டத்தின் வேர். அதில் குறை இல்லை. ஆனால் சிங் மூ சியாங் என்ற பெயரில் இன்னொரு வேர் உண்டு; அது ஆடுதின்னாப்பாளையின் இனம், சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதில் இருக்கிறது. சீனாவே அதை 2004-ல் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவரிடம் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட பொட்டலமாக வாங்கினால் இந்தக் குழப்பத்துக்கு இடமிருக்காது. ஊருக்குப் போகும்போதோ இணையத்திலோ பெயர் எழுதாத தூளை வாங்கினால் எந்த உறுதியும் இல்லை. ஸ்டீராய்டு கலந்த தூள்களும் அப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. பசி திடீரென்று பெருகி, முகம் உப்பி, வயிறு அற்புதமாக அடங்கினால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றையும் பார்த்துவிடுங்கள்; இரண்டு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி. அசதயோப்ரினுக்காக எடுக்கும் வழக்கமான பரிசோதனையோடு இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லீரல் நொதி உயர்ந்தால் முதலில் நிறுத்த வேண்டியது தூளை. அசதயோப்ரினை உங்கள் மருத்துவர்தான் தீர்மானிப்பார். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். மூன்று மாதத்தில் கால்ப்ரொடெக்டின் இறங்கவில்லை என்றால், வயிறு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அந்தக் கஷாயத்துக்கு மேலும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

குவாங்சோ மாணவன்

எனிமா கட்டத்துக்கு வந்தால், மெசலமின் எனிமாவையும் கஷாய எனிமாவையும் ஒரே இரவில் எடுக்க வேண்டாம். ஒன்று இன்னொன்றை வெளியேற்றிவிடும். ரத்தம் மறுபடி தென்பட்டாலோ, காய்ச்சலோடு ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் போனாலோ, எந்த எனிமாவும் போடாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த நிலையில் ஸ்டீராய்டு ஊசியும் எக்ஸ்ரேயும்தான் தேவைப்படும். கஷாயத்துக்கு அங்கே வேலை இல்லை.